குடிமக்கள் படை: இழந்த நாளின் கூலியும் ஆயுத அறையின் சாவியும்

காணும் பொங்கல் அன்று மெரினா மணலில், கடலுக்குள் இறங்கப் பார்ப்பவர்களைத் தடுத்து நிறுத்தும் காக்கிச் சட்டைக்காரர்கள் எல்லாரும் போலீஸ்காரர்கள் அல்ல. தோள்பட்டையில் ‘ஊர்க்காவல் படை’ என்று எழுதியிருக்கும் சிலர் நடுவே நிற்பார்கள். மறுநாள் காலை அவர்களில் ஒருவர் பாரிமுனையில் கடை திறப்பார். இன்னொருவர் அம்பத்தூரில் லேத் பட்டறைக்குப் போவார். தேர்தல் நாளில் வாக்குச்சாவடி வாசலிலும், பங்குனித் திருவிழாவில் மயிலாப்பூர் மாடவீதியிலும் இவர்களைப் பார்க்கலாம். பழகிப்போன காட்சி என்பதால், இதற்குப் பின்னால் இருக்கும் பழைய கேள்வி நம் கண்ணில் படுவதில்லை: புதிதாகப் பிறந்த ஒரு குடியரசு தன் சொந்தக் குடிமக்களைக் கொண்டு எப்படி ஒரு படையைக் கட்டுவது?

மூன்று நாடுகள் இதற்கு எழுதிய விடைகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். அமெரிக்கா 1792-இல் சட்டம் போட்டது. இந்தியா 1948-இல் தொடங்கி 1960-களில் ஒரு வடிவத்துக்கு வந்தது. சிங்கப்பூர் 1967-இல் முடிவெடுத்தது. ஆள்பலம், சட்டத்தின் நீளம், தலைவர்களின் பேச்சு எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், இப்படிப்பட்ட படை நிற்பதும் விழுவதும் இரண்டு காரியங்களால்தான் என்பது எங்கள் முடிவு. வேலையை விட்டுவிட்டு வந்தவரின் அந்த நாள் கூலியை யார் கொடுக்கிறார்? துப்பாக்கிகள் இருக்கும் அறையின் சாவி யார் கையில் இருக்கிறது?

நிரந்தரப் படை மீது புதுக் குடியரசுகளுக்கு இருக்கும் அச்சத்துக்குக் காரணம் உண்டு. சம்பளம் வாங்கும் பெரிய சேனை தலைநகருக்குப் பக்கத்தில் இருந்தால் ஒருநாள் அது ஆட்சியையே எடுத்துக்கொள்ளும் என்பதைப் பல நாடுகள் பட்டுத் தெரிந்துகொண்டிருக்கின்றன. அமெரிக்கர்கள் இந்த அச்சத்தில் மிகத் தூரம் போனார்கள். விடுதலைப் போர் முடிந்தபின், 1784 ஜூன் 2 அன்று, அவர்களுடைய நாடாளுமன்றமான காங்கிரஸ் சேனையைக் கலைத்து 80 பேரை மட்டும் மிச்சம் வைத்தது. பிட் கோட்டையின் கிடங்கைக் காக்க 25 பேர், வெஸ்ட் பாயின்ட்டில் 55 பேர். இரண்டே ஆண்டுகளில், 1786-இல், மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கடனில் மூழ்கிய விவசாயிகள் ஆயுதம் எடுத்தார்கள். அடக்க நடுவண் அரசிடம் படை இல்லை, பணமும் இல்லை. கடைசியில் பாஸ்டன் நகர வணிகர்கள் சந்தா போட்டுக் கொடுத்த பணத்தில்தான் மாநிலத்தின் குடிமக்கள் படை புறப்பட்டது. கூலி கொடுத்தவர்கள் கடன் கொடுத்தவர்களின் வர்க்கம். எதிரே நின்றவர்கள் கடன்பட்டவர்கள். ஒரு குடியரசுக்கு இதைவிட ஆபத்தான கணக்கு வேறில்லை.

இந்தியா நேர்மாறான இடத்தில் இருந்தது. 1947-இல் நம் கைக்கு வந்தது கட்டுக்கோப்பான பெரிய இராணுவம். குறை வேறு இடத்தில் இருந்தது: சாதாரணக் குடிமகன் அதற்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்தான். 1920-இல் ஆங்கிலேய அரசு இரண்டு தனித்தனிச் சட்டங்கள் போட்டது. துணைப்படை ஐரோப்பியர்களுக்கும் ஆங்கிலோ இந்தியர்களுக்கும், பிராந்தியப் படை இந்தியர்களுக்கும் என்று பகுத்தது. அதற்கும் முன்பே, 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ‘போர்க்குடிகள்’ என்று சில இனங்களை மட்டும் பொறுக்கியெடுத்த கொள்கையால் சென்னை மாகாணத்தில் ஆள் எடுப்பது வெகுவாகக் குறைந்துபோனது. ஆகவே சுதந்திர இந்தியாவின் முதல் வேலை கதவைத் திறப்பதாக இருந்தது. சிங்கப்பூருக்கோ 1965 ஆகஸ்டில் தனிநாடானபோது இரண்டு காலாட்படை பட்டாலியன்கள்தான் இருந்தன. அந்தச் சிறு தீவுக்குக் குடிமக்களைத் தவிர வேறு வழியே கிடையாது.

1792: சட்டத்தில் எல்லாம் இருந்தது

1792 மே 2, மே 8 ஆகிய நாள்களில் அடுத்தடுத்து இரண்டு சட்டங்கள் வந்தன. முதலாவது, யார் எப்போது படையை அழைக்கலாம் என்பது. இரண்டாவது, படை எப்படி இருக்க வேண்டும் என்பது. இரண்டாவது சட்டம் இன்றும் படித்துப் பார்க்கத் தக்கது. அவ்வளவு நுணுக்கம் அதில் இருக்கிறது.

18 வயது நிறைந்து 45 வயதுக்கு உட்பட்ட, உடல்திடமுள்ள, சுதந்திரமான வெள்ளை ஆண் குடிமகன் ஒவ்வொருவரையும் அவர் குடியிருக்கும் பகுதியின் கேப்டன் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். ‘வெள்ளை’ என்ற அந்தச் சொல்லை லேசாகத் தாண்டிப் போக முடியாது. கறுப்பினத்தவரைப் படைப் பணிக்கு எடுக்கலாம் என்று சட்டம் சொல்ல 1862 வரை ஆனது. யாரைக் குடிமகனாக மதிக்கிறோம் என்பதைக் குடிமக்கள் படையின் பதிவேடு அப்பட்டமாகக் காட்டிவிடும்.

பதிவு அறிவிப்பு வந்த ஆறு மாதத்துக்குள் அவர் தன் சொந்தச் செலவில் வாங்கி வைத்திருக்க வேண்டியவை: நல்ல மஸ்கெட் துப்பாக்கி, அதன் முனைக் குத்தீட்டி, இடைவார், மாற்றுச் சக்கிமுக்கிக் கல் இரண்டு, முதுகுப்பை, 24 தோட்டாக்களுக்குக் குறையாமல் வைக்கும் பெட்டியுடன் கூடிய தோல்பை. ரைஃபிள் வைத்திருப்பவரானால் 20 குண்டுகளும் கால் பவுண்டு, அதாவது சுமார் 113 கிராம், வெடிமருந்தும் போதும். கல் இரண்டு ஏன் என்றால், தட்டத் தட்ட அதன் விளிம்பு மழுங்கி, பொறி பறக்காது. கல் இல்லாத துப்பாக்கி வெறும் கழி.

ஐந்து ஆண்டுக்குப் பிறகு எல்லா மஸ்கெட்டுகளும் ஒரே துளை அளவில் இருக்க வேண்டும் என்றும் சட்டம் சொன்னது. ஒரு பவுண்டு ஈயத்தில் 18 குண்டு வார்த்தால் வரும் அளவு, ஒன்று சுமார் 25 கிராம். இதன் தேவை களத்தில்தான் புரியும். ஆளுக்கொரு அளவு என்றால், பக்கத்து ஆளின் தோட்டா தீர்ந்தபோது தன் தோட்டாவைக் கொடுக்க முடியாது. பின்னாலிருந்து வரும் வண்டியில் எந்த அளவு ஏற்றுவது என்றும் தெரியாது. அணியின் ஆயுதங்கள் ஒரே அளவாக இல்லாவிட்டால் ஆள் எண்ணிக்கைக்குப் பொருளே இல்லை.

அமைப்பும் தெளிவு. கம்பெனிக்கு 64 சாதாரண வீரர்கள். அவர்களுக்கு ஒரு கேப்டன், ஒரு லெப்டினன்ட், ஒரு என்சைன், நான்கு சார்ஜென்ட், நான்கு கார்ப்பரல், ஒரு முரசுக்காரர், ஒரு குழல்காரர். கூட்டினால் 77 பேர். ஐந்து கம்பெனி ஒரு பட்டாலியன், இரண்டு பட்டாலியன் ஒரு ரெஜிமென்ட், நான்கு ரெஜிமென்ட் ஒரு பிரிகேடு. ஆக பிரிகேடில் சாதாரண வீரர்கள் மட்டும் 2,560 பேர். முரசும் குழலும் அலங்காரத்துக்கு வைத்தவை அல்ல. வெடிச் சத்தத்துக்கும் புகைக்கும் நடுவே கேப்டனின் குரல் எட்டாத இடத்துக்கும் உத்தரவைக் கொண்டுபோனவை அவை. கவாத்து முறையும் ஒன்றே: விடுதலைப் போரில் அமெரிக்கச் சேனைக்குப் பயிற்சி கொடுத்த ஸ்டூபன் எழுதி, 1779-இல் காங்கிரஸ் ஏற்ற விதிகள்.

விலக்குப் பட்டியல்தான் இந்தச் சட்டத்தில் நமக்கு மிகவும் பிடித்த பகுதி. தபால் அலுவலர்கள், தபால் வண்டியோட்டிகள், தபால் சாலையில் ஓடம் ஓட்டுபவர்கள், கப்பலுக்கு வழிகாட்டும் மாலுமிகள் ஆகியோரைப் படைக்கு எடுக்கக் கூடாது. படை திரளும் நாளில்தான் செய்தியும் ஓடமும் மிகவும் தேவைப்படும். இன்று சென்னையில் யாரேனும் இப்படி ஒரு பட்டியல் போட்டால் முதல் வரியிலேயே மின்வாரிய லைன்மேன், 108 ஆம்புலன்ஸ் ஓட்டுநர், குடிநீர் வாரியத்தின் பம்ப் ஆபரேட்டர், அரசு மருத்துவமனைச் செவிலியர் ஆகியோரைப் போட வேண்டும். வெள்ளம் வந்த இரவில் ஒரே ஆளை இரண்டு இடத்திலிருந்து கூப்பிட்டால், இரண்டு இடத்திலும் ஆள் இருக்காது.

இவ்வளவு இருந்தும் சட்டம் ஏன் தோற்றது?

முதல் காரணம் செலவு. 1798-இல் அமெரிக்க அரசே உற்பத்தியாளர் எலி விட்னியிடம் 10,000 மஸ்கெட்டுகளுக்கு ஒப்பந்தம் போட்டபோது ஒன்றின் விலை 13 டாலர் 40 சென்ட். 1790-ஆம் ஆண்டுச் சட்டப்படி சம்பளச் சிப்பாயின் மாத ஊதியம் 3 டாலர். நான்கு மாதச் சம்பளத்துக்கு மேல் போட்டு ஓர் ஏழை விவசாயி துப்பாக்கி வாங்க வேண்டும் என்று சட்டம் சொன்னது. வாங்காவிட்டால் என்ன தண்டனை என்று சொல்லவில்லை. அதை மாநிலங்களிடம் விட்டுவிட்டது. ஆட்கள் அணிவகுப்புக்குத் தடியும் சோளத்தட்டையும் ஏந்தி வந்தார்கள். தவறு புரிந்து, மாநிலப் படைகளுக்கு ஆயுதம் வாங்க ஆண்டுக்கு 2,00,000 டாலர் ஒதுக்க 1808 ஆகிவிட்டது.

இரண்டாவது காரணம் பயிற்சி நாள்கள். போர்த்துறைச் செயலர் ஹென்றி நாக்ஸ் 1790-இல் வேறொரு திட்டம் வைத்திருந்தார். எல்லா வயதினரையும் ஒரே மாதிரி இழுக்காமல், 18, 19 வயதினருக்கு ஆண்டுக்கு 30 நாள், 20 வயதினருக்கு 10 நாள் முகாம், மற்றவர்கள் இருப்பில். எங்கள் கண்ணுக்கு இதுதான் அறிவுள்ள திட்டம். குடும்பமும் கடையும் வயலும் சேர்வதற்கு முந்தைய வயதில் கற்ற கவாத்து கையில் தங்கும். ஆனால் முகாமில் சோறும் உடையும் அரசு கொடுக்க வேண்டும். அந்தச் செலவைக் கண்டு காங்கிரஸ் ஒதுக்கிவிட்டது. நாக்ஸின் திட்டத்தில் செலவு அரசின் தலையில் இருந்தது. 1792 சட்டத்தில் அது குடிமகனின் தலைக்கு மாறியது.

மூன்றாவது, அதிகாரி. பல இடங்களில் கேப்டனைக் கம்பெனியே ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுத்தது. ஊரில் நல்ல பெயர் உள்ளவர் கேப்டன் ஆவார். அடுத்த ஆண்டும் ஓட்டு வேண்டுமே என்று வராதவர்மீது நடவடிக்கை எடுக்கமாட்டார். அணிவகுப்பு நாள் மெல்ல மெல்லத் திருவிழாவானது. 1840-களில் பல மாநிலங்களில் கட்டாய அணிவகுப்பே வழக்கொழிந்தது.

களத்தில் இதன் விளைவு எப்படி இருக்கும் என்பது சட்டத்துக்கு முன்பே தெரிந்துவிட்டது. 1790 அக்டோபரில் பழங்குடியினருக்கு எதிராகத் தளபதி ஹார்மர் நடத்திய படையெடுப்பில் 320 சம்பளச் சிப்பாய்களும் 1,133 குடிமக்கள் படையினரும் போனார்கள். அழைக்கப்பட்டவர்கள் தங்களுக்குப் பதிலாகக் காசு கொடுத்து அனுப்பிய முதியவர்களும் பையன்களும் அதில் இருந்தார்கள். சிலர் கொண்டுவந்த துப்பாக்கியில் விசைப் பாகமே இல்லை. படை தோற்றுத் திரும்பியது. ஆனால் இதே குடிமக்கள் 1815 ஜனவரி 8 அன்று நியூ ஆர்லியன்ஸில் மண்சுவருக்குப் பின்னால் நின்று பிரிட்டிஷ் சேனையை முறியடித்தார்கள். குறைந்த பயிற்சி பெற்றவர்கள் ஓரிடத்தில் நின்று காக்க முடியும். திறந்த வெளியில் அணி மாற்றி முன்னேறுவதுதான் முடியாது. எந்தக் குடிமக்கள் படைக்கும் வேலை ஒதுக்குபவர் இந்த வேறுபாட்டை மனதில் வைக்க வேண்டும்.

அழைப்பு: யார், எதற்கு, எத்தனை நாள்

1792 மே 2-ஆம் தேதிச் சட்டம் குடியரசுத் தலைவருக்கு அதிகாரம் கொடுத்தது, கூடவே கடிவாளமும் போட்டது. சட்டத்தைச் சாதாரண வழியில் நடத்த முடியவில்லை என்று ஒரு நீதிபதி எழுதிக்கொடுக்க வேண்டும். கலைந்து போகும்படி முதலில் அறிக்கை விட வேண்டும். எந்தக் குடிமகனையும் ஆண்டுக்கு மூன்று மாதத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. 1794-இல் மேற்குப் பென்சில்வேனியாவில் விஸ்கி வரியை எதிர்த்துக் கலகம் வந்தபோது இந்த வரிசை அப்படியே நடந்தது. ஆகஸ்ட் 4 அன்று நீதிபதி ஜேம்ஸ் வில்சன் சான்று கொடுத்தார். 7-ஆம் தேதி குடியரசுத் தலைவர் வாஷிங்டன் அறிக்கை விட்டார்; செப்டம்பர் 1-க்குள் கலைய வேண்டும் என்றார். பிறகு நான்கு மாநிலங்களிலிருந்து 13,000 பேருக்குச் சற்றே குறைவான படை போனது. பெரிய சண்டையில்லாமல் கலகம் அடங்கியது. படைக்கு ஆள் திரட்டப் போன சில ஊர்களில் அதற்கே எதிர்ப்பு கிளம்பியதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மறுபக்கம் 1812 அக்டோபர் 13. பிரிட்டனோடு நடந்த போரில், நயாகரா ஆற்றுக்கு அக்கரையில், கனடாவின் குவீன்ஸ்டன் ஹைட்ஸில், தங்கள் ஆட்கள் சண்டையிட்டுக்கொண்டிருக்க, இக்கரையில் நியூயார்க் குடிமக்கள் படையினர் ஓடமேற மறுத்தார்கள். அரசியல் சட்டம் இந்தப் படையை அழைக்க மூன்று காரணங்களைத்தான் சொல்கிறது: சட்டத்தை நடத்துவது, கலகத்தை அடக்குவது, படையெடுப்பைத் தடுப்பது. அடுத்த நாட்டுக்குள் போவது அதில் இல்லை என்றார்கள். அச்சமும் காரணம்தான், ஆனால் எல்லை எது என்று முன்கூட்டியே எழுதிவைக்காததால் அச்சத்துக்குச் சட்டம் குடை பிடித்தது.

பிராந்திய இராணுவம் என்பது வேறு வேலையில் இருக்கும் குடிமக்களைக் கொண்ட நம் பகுதிநேரப் படை. அதற்கான 1948-ஆம் ஆண்டுச் சட்டம் இந்த ஓட்டையை அடைத்திருக்கிறது. குடிமை நிர்வாகத்துக்கு உதவவும் முக்கிய இடங்களைக் காக்கவும், பயிற்சிக்கும், முழுநேர இராணுவத்துக்குத் துணையாகவும் அழைக்கலாம். மத்திய அரசின் பொது அல்லது தனி உத்தரவு இல்லாமல் இந்தியாவுக்கு வெளியே பணியாற்றச் சொல்ல முடியாது. ஆற்றங்கரையில் நின்று வாதாட இடமில்லை.

நம் குடியரசின் வழி

சட்டம் 1948-இல் வந்தாலும் பிராந்திய இராணுவத்தை முறையாகத் தொடங்கிவைத்தது 1949 அக்டோபர் 9 அன்று, அப்போது கவர்னர் ஜெனரலாக இருந்த ராஜாஜி. அதே 1948-இல் தேசிய மாணவர் படைக்கும் சட்டம் வந்தது. நாக்ஸ் 18 வயதினருக்கு என்று நினைத்த பயிற்சியை, நம் ஊரில் கட்டாயமில்லாமல் பள்ளி, கல்லூரி வழியாகக் கொண்டுவந்தது என்சிசி என்று சொல்லலாம்.

பிராந்திய இராணுவத்தில் சேர்பவருக்கு வேறு வருமானம் இருக்க வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை. இது பிழைப்புக்கான வேலை ஆகிவிடக் கூடாது. ஆகவே சட்டத்தின் கனமான பகுதி 7-அ பிரிவு: படைப் பணி முடிந்து வருபவரை அதே வேலையில் திரும்ப எடுத்துக்கொள்வது முதலாளியின் கடமை. அடுத்த பிரிவு வருங்கால வைப்பு நிதி போன்ற உரிமைகளைக் காக்கிறது. கோயம்புத்தூரில் மெட்ராஸ் ரெஜிமென்ட்டைச் சேர்ந்த 110-ஆவது பிராந்திய இராணுவ பட்டாலியன் இருக்கிறது. சிக்கல் எங்கே என்றால், சிறு நிறுவனங்களில். நாலே பேர் வேலை பார்க்கும் கிண்டிப் பட்டறையில் ஒருவர் இரண்டு மாதம் முகாமுக்குப் போனால், அந்த லேத்தை ஓட்ட மாற்று ஆள் கிடைக்கமாட்டார். வேலை திரும்பக் கிடைக்கும் என்று சட்டம் சொல்லும். முதலாளியின் நட்டத்தைப் பற்றிப் பேசாது. அரசுத் துறை, ரயில்வே, பெரிய ஆலை ஆகியவற்றின் ஊழியர்களுக்கே இந்தப் படை எளிதாகப் பொருந்துவதற்குக் காரணம் இதுதான்.

ஊர்க்காவல் படை வேறு பாதையில் வந்தது. 1946 டிசம்பர் 6 அன்று பம்பாயில் தொடங்கியது. அந்த நாள்தான் இன்றும் ஊர்க்காவல் படை நாள். 1962 சீனப் போருக்குப் பிறகு, மாநிலங்களில் சிதறிக் கிடந்த தொண்டர் படைகளை ஒரே மாதிரி ஆக்கும்படி மத்திய அரசு கேட்டுக்கொண்டது. நம் மாநிலத்தில் 1963-இல் சட்டம் வந்தது. பொது ஒழுங்கும் காவலும் அரசியல் சட்டத்தின் மாநிலப் பட்டியலில் இருப்பதால் இந்தப் படை மாநிலத்துக்கு உரியது. பிராந்திய இராணுவம் ஒன்றியத்துக்கு உரியது. போலீஸ் அதிகாரிகளோடு சேர்ந்து, குடிமக்களிலிருந்தே வட்டாரத் தளபதி என்ற கௌரவப் பதவியில் ஒருவர் இதை நடத்துகிறார். கையில் பெரும்பாலும் லாத்திதான். கூட்டத்தை ஒழுங்குபடுத்துவது, போக்குவரத்து, முதலுதவி, மீட்பு ஆகியவையே அன்றாட வேலை.

இங்கே கூலிக் கணக்கு தலைகீழாகப் போனது. தொண்டு என்று தொடங்கிய பணிக்கு நாள்படி கொடுத்தார்கள். வேறு வேலை சரியாக அமையாதவர்களுக்கு அந்த நாள்படியே குடும்ப வருமானம் ஆனது. தமிழ்நாட்டு மாவட்டங்களில் ஆள் எடுக்க வந்த அறிவிப்புகளில் நாளுக்கு 560 ரூபாய், மாதத்துக்கு ஐந்து நாள் என்று இருந்ததைப் பலர் பார்த்திருப்பார்கள். மொத்தம் 2,800 ரூபாய். கடையோ சம்பளமோ உள்ளவருக்கு இது போக்குவரத்துச் செலவுக்கும் சாப்பாட்டுக்கும் போதும். வேறு வருமானம் இல்லாதவருக்கு வீட்டு வாடகைக்கும் காணாது. 2015 மார்ச் 11 அன்று உச்ச நீதிமன்றம், ஊர்க்காவல் படையினரை நிரந்தர ஊழியராக்க உத்தரவிட முடியாது என்றது. ஆனால் 30 நாள் பணி செய்தால் ஒரு போலீஸ்காரரின் குறைந்தபட்ச மாத ஊதியத்துக்குச் சமமாகும்படி நாள்படி இருக்க வேண்டும் என்றும் சொன்னது. நியாயமான தீர்ப்பு. அதோடு, படி உயர்ந்தால் செலவைக் கட்டுப்படுத்தப் பணி நாள்களைக் குறைக்கலாமே என்ற ஆசை எந்த மாநில அரசுக்கும் வரும். நாளைக் குறைத்தால் பயிற்சி குறையும். பயிற்சி குறைந்த அணியை நம்பி எந்த இன்ஸ்பெக்டரும் பொறுப்பான இடத்தைக் கொடுக்கமாட்டார்.

கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது. ஒரு வார்டில் 100 பேர் கொண்ட அணிக்கு ஆண்டுக்கு 12 நாள் பயிற்சி மட்டும் என்று வைத்தால் 1,200 ஆள்நாள். நாளுக்கு 560 ரூபாய் என்றால் 6,72,000 ரூபாய். இதில் பணிக்கு அழைக்கும் நாள்கள் சேரவில்லை; சீருடை, பூட்ஸ், காப்பீடு, பயிற்சியாளர் எதுவும் சேரவில்லை. இந்தத் தொகையைப் பட்ஜெட்டில் எழுதாமல் 100 பேரின் பெயரை மட்டும் எழுதிக்கொள்பவர் 1792-இன் தவறையே மறுபடி செய்கிறார்.

சிங்கப்பூரின் கணக்கு

சிங்கப்பூரில் 1967 மார்ச்சில் தேசிய சேவைச் சட்டத் திருத்தம் நிறைவேறியது. 18 வயது இளைஞர்கள் சுமார் 9,000 பேர் பதிவு செய்தார்கள். அவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவரைத்தான் ஆகஸ்டில் முழுநேரப் பயிற்சிக்கு எடுத்தார்கள். மற்றவர்கள் பகுதிநேர மக்கள் தற்காப்புப் படை, சிறப்புக் காவல் படை, குடியிருப்புக் கண்காணிப்புப் படை என்று பிரிந்தார்கள். எடுக்க முடிந்த அளவுக்கே பயிற்சியாளரும் பாசறையும் இருந்தன என்பதை ஒப்புக்கொண்டு தொடங்கிய நிதானம் இது. நடுவண் அரசிடம் பயிற்சியாளரே இல்லாதபோது எல்லாரையும் பதிவேட்டில் ஏற்றிய அமெரிக்கர்களோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும்.

முழுநேரச் சேவை முடிந்தவர் இருப்புப் படைக்குப் போகிறார். சாதாரண வீரர் 40 வயது வரை, அதிகாரி 50 வயது வரை. ஆண்டுக்கு அதிகபட்சம் 40 நாள் கூப்பிடலாம். அந்த நாள்களில் அவருடைய வழக்கமான சம்பளம் குறையாது. இழப்பை அரசு ஈடுகட்டுகிறது. மாதம் 800 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வாங்குபவருக்கும் 8,000 வெள்ளி வாங்குபவருக்கும் அவரவர் இழப்பு கிடைப்பதால், முகாமுக்குப் போவது ஏழைக்கு மட்டும் தண்டனையாக மாறுவதில்லை. சீனர், மலாய்க்காரர், தமிழர் மூவரும் ஒரே பாசறையில் படுத்தெழுவது அந்த நாட்டின் ஒருமைக்கு உதவியது என்பதை நாங்கள் நம்புகிறோம். தொடக்க ஆண்டுகளில் மலாய் இளைஞர்களைப் பெருமளவில் அழைக்காமல் விட்டது அதே ஒருமையில் விழுந்த கீறல். 1792-இன் ‘வெள்ளை’ என்ற சொல்லைப் போல எழுதிவைக்காவிட்டாலும் காயம் காயம்தான். இந்திய அரசியல் சட்டத்தின் 23(2) பிரிவு இந்த இடத்தில் தெளிவாகப் பேசுகிறது: பொது நோக்கத்துக்காக அரசு கட்டாயப் பணியை விதிக்கலாம், மதம், இனம், சாதி, வர்க்கம் ஆகியவற்றின் பேரில் மட்டும் அதில் பாகுபாடு காட்டக் கூடாது.

சாவி

துப்பாக்கியை வீட்டுக்குக் கொடுத்தனுப்புவதா, ஓரிடத்தில் பூட்டி வைப்பதா? சுவிட்சர்லாந்து நெடுங்காலம் வீட்டுக்கே கொடுத்தது, மூடி முத்திரையிட்ட பெட்டியில் 50 தோட்டாவும் சேர்த்து. 2007-இல் தோட்டாவைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடிவெடுத்தது. அமைதியான, பழைய குடியரசுக்கே அந்த நிலை. சாதிக் கலவரமும் கட்சிச் சண்டையும் நடக்கும் மண்ணில் வீட்டுக்குத் துப்பாக்கி என்பதைப் பேசவே கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து.

சாவி அரசிடம் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு நமக்கு அடுத்த வீட்டிலேயே சான்று இருக்கிறது. ஹைதராபாத் சமஸ்தானத்தில் காசிம் ரஜ்வியின் ரசாக்கர்கள் ஒரு கட்சியின் ஆயுதப் படையாக வளர்ந்தார்கள். 1948 செப்டம்பர் 13 முதல் 17 வரை நடந்த இராணுவ நடவடிக்கையில்தான் அது முடிவுக்கு வந்தது. அரசியல் சட்டத்தின் 19-ஆவது பிரிவு கூடும் உரிமையை ‘அமைதியாகவும் ஆயுதமின்றியும்’ என்று கட்டியதை இந்தப் பின்னணியோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

அரசே சாவியைத் தகுதியில்லாத கையில் கொடுப்பதும் உண்டு. சத்தீஸ்கரில் மாவோயிஸ்டுகளுக்கு எதிராகப் பழங்குடி இளைஞர்களைச் சிறப்புக் காவல் அலுவலர் என்ற பெயரில் சேர்த்து, மாதம் 3,000 ரூபாய் கொடுத்து, இரண்டு மாதப் பயிற்சியோடு ஆயுதம் ஏந்த வைத்தார்கள். ஐந்தாம் வகுப்புப் படித்திருந்தால் போதும் என்ற நிலை. 2011 ஜூலை 5 அன்று உச்ச நீதிமன்றம் அவர்களை அந்தச் சண்டைக்குப் பயன்படுத்துவதை நிறுத்தச் சொன்னது. அந்த இளைஞர்களுடைய வாழ்வுரிமையும் சமத்துவமும் மீறப்பட்டதாகத் தீர்ப்பு சொன்னதைத்தான் நாம் முதலில் பார்க்க வேண்டும். ஆயுதத்துக்கு எதிரே நிற்பவர்களுக்கு மட்டும் அது ஆபத்தாக இருக்கவில்லை. ஏந்தியவர்களுக்கும் அதே ஆபத்து இருந்தது.

ஆயுத அறை நடைமுறை சலிப்பூட்டும் வேலை, ஆனால் அதில்தான் எல்லாம் இருக்கிறது. இரண்டு பூட்டு, இரண்டு சாவி, இரண்டு பேர். 303 ரைஃபிள் போன்றவற்றில் போல்ட்டைக் கழற்றி வேறு பெட்டியில் வைக்கலாம். அறை உடைக்கப்பட்டாலும் சுட முடியாது. எடுக்கும்போது எண் பார்த்துக் கையெழுத்து, திரும்பும்போதும் அதே. சுடுதளத்தில் ஆளுக்கு எத்தனை தோட்டா கொடுத்தார்களோ அத்தனை வெற்றுக் குப்பியைப் பொறுக்கி எண்ணிய பிறகுதான் அணி கலைய வேண்டும். ஒன்று குறைந்தாலும் தேடி முடிக்கும் வரை யாரும் வீட்டுக்குப் போகக் கூடாது. ‘ஒண்ணுதானே, விடுங்கய்யா’ என்று யாராவது சொல்வார்கள். அந்த வார்த்தைக்கு இடம் கொடுத்த நாளிலிருந்து பதிவேடு பொய்யாகிவிடும்.

சென்னை போன்ற ஊரில் பெயர்ப் பதிவேட்டுக்குத் தனிக் கவனம் வேண்டும். வாடகை ஒப்பந்தம் பதினோரு மாதம்; ஒப்பந்தம் முடிந்தால் வேளச்சேரியில் இருந்தவர் ஆவடிக்குப் போய்விடுகிறார். ஆண்டுக்கு ஒருமுறை சரிபார்த்தால் தாமதம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை முகவரி, கைபேசி எண், வேலை செய்யும் இடம், இரவுப் பணி உண்டா, நீச்சல் தெரியுமா, படகு ஓட்டுவாரா என்று பார்க்க வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் தெருவுக்குள் படகு கொண்டுவந்து ஆட்களை ஏற்றிய மீனவர்கள் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. துடுப்பும் நீரோட்டமும் தெரிந்தவர் யார் என்பதைக் காசிமேட்டிலும் நொச்சிக்குப்பத்திலும் போய் முன்கூட்டியே எழுதி வைத்திருந்தால், படகை ஏற்றிவர லாரியையும் முன்பே ஏற்பாடு செய்திருக்கலாம்.

அழைப்பை ஒத்திகை பார்ப்பது கடைசி வேலை. பெரும்பாலும் விட்டுப்போவதும் அதுதான். முன்னறிவிப்பு இல்லாமல், ஞாயிற்றுக்கிழமையை விட்டு ஒரு வேலை நாளில், மாலை ஆறு மணிக்குச் செய்தி அனுப்ப வேண்டும். எத்தனை பேர் எத்தனை மணிக்குக் கூடுமிடத்துக்கு வந்தார்கள், வராதவர் ஏன் வரவில்லை, முதலாளி விடவில்லையா, செய்தி போய்ச் சேரவில்லையா, ரயில் கிடைக்கவில்லையா என்று ஒவ்வொன்றாக எழுத வேண்டும். 100 பேரில் 40 பேர் வந்தால் அந்த அணியின் பலம் 40. மேலிடத்துக்கு அனுப்பும் அறிக்கையில் அந்த எண்ணையே எழுத வேண்டும். வந்தவர்களுக்கு அன்றைய நாள்படியை அன்றைக்கே கணக்கில் போட்டுவிட்டு, மறுவாரம் அந்த 60 பேரின் முதலாளிகளைத் தேடிப் போக வேண்டும்.